யாருக்கெல்லாம் வீடு இருக்கிறது உங்கள் நாடகத்தில்?

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே எழுதிவிட்டே தொடங்குகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீங்களும் நண்பர்களும் பன்னிரண்டு பகுதியில் ஒரு குடும்ப நாடகம் எடுக்கப் போகிறீர்கள். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கத்து ஆசிரியர் குடும்பம்: ஓய்வுபெற்ற அதிபரான அம்மப்பா, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் படிப்பிக்கும் மகள், ஆசிரியத் தொழிலே வேண்டாம் என்று நிற்கும் பேரன். மகள் வேலை செய்யும் பாடசாலையின் ஆசிரியர் அறையில் ஒரு தமிழர், ஒரு முஸ்லிம், ஒரு சிங்களவர், ஐரோப்பிய வம்சாவளியில் வந்த ஒரு பறங்கியர். வகுப்பிலும் அப்படியே ஒரு வாங்கில் (பெஞ்சில்) நாலு பிள்ளைகள். எல்லாச் சமூகத்தையும் காட்ட வேண்டும், ஆனால் ஒப்புக்குச் சேர்த்ததுபோலத் தெரியக் கூடாது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். 1991இல் முதல் நியமனம் கிடைத்து, முப்பது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஆறு பாடசாலைகள், அதில் ஒன்று முஸ்லிம் பாடசாலை. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு வருடா வருடம் நாடகம் பழக்கியிருக்கிறேன். அதனால் நாடகக்காரியாகவும் ரீச்சராகவும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த வாங்கு. அதை எடுத்துவிடுங்கள். நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரண்டு மாவட்டத்திலும் அப்படி ஒரு வாங்கைக் காண்பது மிக அரிது. இங்கே பாடசாலைகளே பிரிந்துதான் இருக்கின்றன: தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். அதில் மட்டக்களப்பு மத்தி என்ற வலயம் பெரும்பாலும் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளைச் சேர்த்தது. நடுவில் தமிழ்க் கிராமங்கள் கிடக்கும், வரைபடத்தில் அந்த வலயம் துண்டு துண்டாகத் தெரியும். அம்பாறை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 43 வீதம் முஸ்லிம்கள், 39 வீதம் சிங்களவர், 17 வீதம் தமிழர். காகிதத்தில் பார்த்தால் நாட்டிலேயே மிகக் கலந்த மாவட்டங்களில் ஒன்று. ஆனால் காரைதீவிலிருந்து சாய்ந்தமருதுக்கு நடந்தே போகலாம், அந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்ட ஒரே தமிழ்ப் புத்தகத்தைத் தனித்தனி மதிலுக்குள் இருந்து வாசிக்கிறார்கள். இதைத்தான் உங்கள் நாடகம் காட்ட வேண்டும். நாலு பிள்ளைகளை ஒரு வாங்கில் வைத்த உடனே இந்தப் பிரிவு மறைந்துபோகிறது. பிரிவே தெரியாத நாடகத்தில் சேர்வதற்கு என்ன பெறுமதி?

சரி, அப்படியானால் ஆசிரியர்கள் எங்கே ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள்? நிறைய இடம் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் நிலையம். அங்கே காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரே மேசையில் இருந்து, ஒரு பிள்ளையின் கட்டுரைக்கு எத்தனை புள்ளி என்று வாதாடுவோம், சோத்துப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவோம். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகளின் விடுதிகள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்கள். உயர்தர ரியூசன் வகுப்பு: நல்ல கணித சேர் ஒருவர் இருந்தால் அவர் எந்த ஊர் என்று எந்தத் தாயும் பார்ப்பதில்லை. இடமாற்றக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வலயக் கல்வி அலுவலகத்து வாங்கில் காத்திருக்கும் நேரம். 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிப் படிப்பித்தலை விட்டு ஆசிரியர்கள் மாதக்கணக்கில் விலகி நின்றார்களே, அந்தக் காலம். அப்போது சிங்கள ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒரே கோரிக்கையோடு நின்றார்கள். உங்கள் கதையில் சிங்களப் பாத்திரம் வர இதைவிட இயல்பான வாசல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நாட்காட்டி. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, நீங்களாவது எழுதுங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தவணை வேறு, நோன்பு மாதத்தில் விடுமுறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக நேரத்தோடு விட்டுவிடும். நான் முஸ்லிம் பாடசாலையில் இருந்த நாலு வருடமும் என் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலையில் படித்தார்கள். அவர்களுக்கு லீவு வரும்போது எனக்குப் பாடசாலை, எனக்கு லீவு வரும்போது அவர்களுக்குப் பாடசாலை. நோன்பு மாதம் முழுக்க நான் வீட்டில் தனியே இருந்து சட்டை தைத்துக்கொண்டிருப்பேன், சித்திரை வருடப்பிறப்பைச் சுற்றிப் பிள்ளைகள் வீட்டில் இருக்க நான் பாடக்குறிப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மறுபக்கம், தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கும் முஸ்லிம் ரீச்சர் நோன்போடு மாடி ஏறி இறங்கிப் படிப்பித்துவிட்டு, நோன்பு திறக்க முதல் வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்ச வேண்டும். இந்த இரண்டு பெண்களையும் அடுத்தடுத்து இரண்டு காட்சியில் காட்டினால் போதும், "நாங்கள் எல்லாரும் ஒன்று" என்ற வசனமே தேவைப்படாது.

இனி வீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் எடுப்பது குடும்ப நாடகம். உங்கள் சுருக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். அதில் வீடு இருப்பது அந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்தான். முஸ்லிம் ரீச்சர் ஆசிரியர் அறையில் வருகிறார், நல்ல புத்தி சொல்கிறார், போகிறார். பறங்கியர் சேர் பாட்டுப் பாடுகிறார். சிங்கள சேர் சிரிக்கிறார். இவர்கள் எங்கே போய்ப் படுக்கிறார்கள், யாரோடு சண்டை பிடிக்கிறார்கள், யாருக்குக் கடன் என்று ஒன்றுமே இல்லை. குடும்ப நாடகத்தில் வீடில்லாத பாத்திரம் விருந்தாளி. ஒப்புக்குச் சேர்த்ததுபோலத் தெரியுமோ என்று நீங்கள் பயப்படுவது இதனால்தான், தலைகளின் எண்ணிக்கையால் இல்லை. நாலு பேரைக் குறைத்து இரண்டு பேராக்குங்கள், அந்த இரண்டு பேருக்கும் குசினி கொடுங்கள்.

அந்தக் குசினி எங்கள் குசினியாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பின்னேரமானால் இந்திய சீரியல் ஓடாத வீடு இங்கே குறைவு. அதில் கலியாணம் முடித்த பெண் புருஷன் வீட்டுக்குப் போவாள், மாமியார் கொடுமை தொடங்கும், ஐந்நூறு நாள் ஓடும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் அப்படியா? மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. தாய்வழிக் குடி (வம்சம்) முறை தமிழர்களுக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு; குடிகளின் பெயர்கள் வேறாக இருந்தாலும் தாயின் குடிதான் பிள்ளைக்கு என்ற கணக்கு ஒன்று. மூன்று பெண் பிள்ளைகள் உள்ள ஆசிரியர் ஒருவர், தமிழரோ முஸ்லிமோ, வாழ்நாள் முழுக்க மூன்று வீட்டுக்குக் கல் அடுக்கிக்கொண்டிருப்பார். முதல் சம்பளத்தில் தொடங்கி ஓய்வூதியப் பணத்தில் முடியும் வேலை அது. நான் முஸ்லிம் பாடசாலையில் இருந்தபோது என்னோடு வேலை செய்த கணித சேர் ஒருவர், ஐம்பத்தைந்து வயதில், இரண்டாவது மகளின் வீட்டுக்குக் கூரை போட வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் கணவரும் அந்த மாதம் அதே வங்கியில் அதே காரணத்துக்காக நின்றார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பிணை நின்றார்கள். பதினைந்து வருடம் கடன் கட்டி முடியும் வரை அந்த இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டிருந்தது. பொங்கலும் வட்டிலப்பமும் பரிமாறுவதைக் காட்டாத இன ஒற்றுமை நாடகம் இல்லை, ஆனால் பிணைக் கையெழுத்தைக் காட்டின ஒன்றையும் நான் பார்த்ததில்லை. உங்கள் ரீச்சரின் வீட்டுக்காரர் அந்த முஸ்லிம் சேருக்குப் பிணை நிற்கட்டும், இடையில் ஒருவர் தவணை தவறட்டும். மூன்று பகுதிக்குக் கதை கிடைக்கும், அதில் நாலு வீட்டு ஆட்கள் தாமாகவே வருவார்கள்.

உங்கள் கதையில் மாமியார் சண்டை வேண்டுமென்றால், பெண் வீட்டில் வந்து இருக்கும் மருமகனின் நிலையைப் பாருங்கள். அதிபரின் வீட்டில் இருக்கும் மருமகன், அவரும் ஒரு சாதாரண ஆசிரியர். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் மாமனாருக்கு முன்னால் அவர் எப்படி இருப்பார்?

அடுத்தது பேச்சு. நீங்கள் அனுப்பிய மாதிரிக் காட்சியில் எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டுப் படங்களில் இலங்கைத் தமிழர் என்றாலே அந்தப் பேச்சுத்தான் (அதுவும் பாதிப் பிழையோடு), அந்தப் பழக்கம் எங்கள் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. எங்கள் பேச்சு வேறு. "எங்ககா போறாய்?", "வா மனே", "சோறு இரிக்கி, தின்னு" என்பதில் இருக்கும் ஓசையைக் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். முஸ்லிம் வீட்டில் உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா, மூத்தம்மா. காத்தான்குடிப் பேச்சும் அக்கரைப்பற்றுப் பேச்சும் ஒன்றில்லை, அதற்கு அந்த ஊர் ஆள்தான் வேண்டும். ஒன்று கவனியுங்கள்: ஆசிரியர் வீட்டில் இரண்டு தமிழ் உண்டு. வகுப்பில் நின்றால் "இருக்கிறது", குசினிக்குள் வந்தால் "இரிக்கி". ஒரு பிள்ளை கட்டுரையில் "எங்கட வீட்டில் ஆறு ஆடு இரிக்கி" என்று எழுதினதை நான் சிவப்புப் பேனையால் வெட்டி, அன்று பின்னேரமே வீட்டில் என் தாயிடம் "கறி இரிக்கா?" என்று கேட்டேன். கேட்ட அந்த நொடியில் கை கூசிப்போய்விட்டது. அந்தப் பிள்ளையின் எழுத்தை எப்படித் திருத்துவது, திருத்தும்போது அவன் தாயின் பேச்சை அவமதிக்காமல் எப்படிச் சொல்வது என்பதை நான் படிக்கப் பல வருடம் எடுத்தது. இது ஒரு முழுப் பகுதிக்கான விஷயம்.

பன்முகம் என்றால் உடனே எல்லாரும் இனத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் உங்கள் ரீச்சர் போவது படுவான்கரைக்கு. அங்கே ஆசிரியரும் தமிழர், பிள்ளையும் தமிழர், இருந்தும் இருவருக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. மட்டக்களப்பு வாவியைத்தான் நாங்கள் ஆறு என்போம். அதற்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே படும் பக்கம் படுவான்கரை. நகரமும், பெரிய பாடசாலைகளும், ரியூசனும் இந்தக் கரையில். வயலும் மாடும் சேனையும் அந்தக் கரையில். ஆசிரியர்களில் பெரும்பகுதி இங்கிருந்து அங்கே போகிறவர்கள். நான் போன காலத்தில் குருமண்வெளியில் நின்று பாதைக்குக் காத்திருப்போம். பாதை என்றால் ரோடு இல்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் தட்டையான படகு. அந்தக் கரை மண்டூர். ஏழரைக்குப் பாடசாலை தொடங்கிவிடும், வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும், பாதையோ நடு ஆற்றில் நிற்கும். தொண்ணூறுகளில் இந்தக் கரையில் இராணுவம், அந்தக் கரையில் விடுதலைப் புலிகள் இயக்கம். இரண்டு பக்கமும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பாடக்குறிப்பைத் திறப்போம். 2007இல் அந்த நிலைமை மாறியது, 2014இல் மண்முனைப் பாலமும் திறந்தார்கள், கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பாலம் போட்ட பிறகும் மாறாத ஒன்று உண்டு: அங்கே படிப்பிக்கும் எங்களில் எத்தனை பேர் எங்கள் சொந்தப் பிள்ளையை அந்தப் பாடசாலையில் சேர்த்தோம்? நான் சேர்க்கவில்லை. என் மகன் நகரத்துப் பாடசாலையில் புலமைப்பரிசில் வகுப்பில் இருந்தான், நான் ஆற்றைக் கடந்து போய் மற்றவர்களின் பிள்ளைகளை அதே பரீட்சைக்கு ஆயத்தம் செய்தேன், அதுவும் தரம் 4க்கும் தரம் 5க்கும் ஒரே ஆளாக. ஒருநாள் ஒரு தாய் என்னிடம் கேட்டா, "ரீச்சர், உங்கட மகன் எங்க படிக்கான்?" என்று. கோபமாகக் கேட்கவில்லை, சும்மா கேட்டா. எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்வி காதுக்குள் நிற்கிறது.

உங்கள் நாடகத்தின் நடு அச்சு இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தத் தாய்க்கும் ஒரு வீடு கொடுங்கள். அவள் பிள்ளை பாடசாலைக்கு ஏன் மூன்று நாள் வரவில்லை என்று ரீச்சர் பதிவேட்டில் புள்ளி போடுவதைக் காட்டுகிறோம். அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று காட்டுவதில்லை. சூடு அடிப்பு (நெற்கதிர் அடிக்கும்) காலம், அல்லது இரவில் யானை வந்து வளவுக்குள் நின்றது, அல்லது தாய் வெளிநாட்டில், அம்மம்மாவுக்குக் காய்ச்சல். பிள்ளையின் வீட்டுக்குள் இருந்து ஒருமுறை ரீச்சரைப் பாருங்கள், மோட்டார் சைக்கிளில் வந்து, வாசலில் நின்று, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒருத்தியாக.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது: மீட்க வந்த ஆசிரியர் கதை வேண்டாம். வாகரைப் பக்கம் தமிழ் பேசும் வேடர் ஊர்கள் உண்டு, அக்கரைப்பற்றுக்கு அப்பால் அளிக்கம்பையில் வீட்டில் தெலுங்கு பேசும் வனக்குறவர் மக்கள் உண்டு. இவர்களை நாடகத்தில் கொண்டுவந்தால் நாம் செய்வது பெரும்பாலும் ஒரே வேலைதான்: அழுக்குச் சட்டையோடு ஒரு பிள்ளை, அதைக் கழுவித் துடைத்துப் படிக்க வைக்கும் ஒரு நல்ல ரீச்சர், கடைசியில் மேடையில் பரிசு. வீட்டில் தெலுங்கு, பாடசாலையில் தமிழ், இரண்டாம் மொழிப் பாடத்தில் சிங்களம், அதற்கு மேல் ஆங்கிலம் என்று நாலு மொழிக்குள் நீந்தும் ஒரு பிள்ளையின் மூளை எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு வகுப்பு ஆசிரியர் வியக்கும் காட்சியை யாராவது எழுதியிருக்கிறார்களா? அந்தப் பிள்ளையின் அக்கா தொண்டர் ஆசிரியராக வருடக்கணக்கில் நிரந்தர நியமனத்துக்குக் காத்திருப்பவளாக இருக்கட்டும். அப்போது உதவி கேட்கும் பாத்திரம் என்ற இடத்திலிருந்து, உரிமை கேட்கும் பாத்திரமாக அந்தக் குடும்பம் மாறுகிறது.

சாதியைப் பற்றி உங்கள் சுருக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆசிரியர் அறையிலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். கலாசார விழாவுக்குப் பறை அடிக்க ஆள் வேண்டும் என்றால், எந்தப் பிள்ளையின் தகப்பனுக்குச் சொல்லி அனுப்புகிறோம்? அவர் மேளத்தோடு வருவார், ஊர்வலத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு போவார், அவருடைய மகள் தரம் 9 வகுப்பு வரிசையில் நின்று தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். அதிதிகளுக்குப் பொன்னாடை போடும்போது அவர் எங்கே நிற்கிறார்? நான் ஒழுங்கு செய்த ஒரு விழாவிலேயே இது நடந்தது, எனக்கு உறைக்க மூன்று நாள் எடுத்தது. அடுத்த வருடம் அவரை அழகியல் பாடத்துக்கு வளவாளராக அழைத்து, பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுக்க வைத்தோம். அதுவும் முழுத் தீர்வு இல்லை, ஏனென்றால் சில பெற்றோர் அன்று பிள்ளைகளை அனுப்பவில்லை. அந்தச் "சில பெற்றோர்" யார் என்பதை உங்கள் நாடகம் மறைக்கக் கூடாது. அதிபர் அம்மப்பா அந்தப் பக்கத்தில் நிற்கிறவராக இருந்தால் கதை இன்னும் உண்மையாகும்.

சமய பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பாடசாலை என்றால் எல்லாரும் சைவம் இல்லை. மெதடிஸ்தம், கத்தோலிக்கம், புதிதாக வந்த சபைகள் என்று ஒரு வகுப்புக்குள்ளேயே பல. சமய பாட மணி அடித்தால் ஒரு பிள்ளை மட்டும் எழும்பி நூலகத்துக்கோ மரத்தடிக்கோ போகும். படிப்பிக்க ஆள் இருக்காது. பாடம் முடியும் வரை தனியே. ஒரு சொல்லும் இல்லாமல் படம் பிடிக்கக்கூடிய காட்சி.

பழைய ஆட்களும் இந்தக் கலப்புக்குள் இருந்துதான் வந்தார்கள். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, அந்தக் கத்தோலிக்கக் கல்லூரியிலேயே படிப்பித்து, பிறகு துறவியாகி, விபுலாநந்த அடிகளாகக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அம்மப்பாவின் அறைச் சுவரில் அவருடைய படம் எப்படியும் தொங்கும். அந்தப் படத்தைக் காட்டி அவர் பேரனுக்கு என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று யோசியுங்கள்.

இனி மிகக் கவனமாகத் தொட வேண்டிய இடம். 1990 ஆவணி, புரட்டாதி. காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஏறாவூர், வீரமுனை, வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான். முஸ்லிம்களும் தமிழர்களும் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்ட, காணாமல் போன இடங்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் உள்ள எந்த ஆசிரியரும், தமிழரோ முஸ்லிமோ, அந்த இரண்டு மாதத்தை உடம்புக்குள் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறார். நாடகங்கள் ஒன்று இதை முழுக்க விட்டுவிடுகின்றன, இல்லையென்றால் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவரை அழவைத்துக் கட்டிப்பிடிக்க வைக்கின்றன. எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு சேர் ஒவ்வொரு வருடமும் ஆவணியில் ஒரு குறிப்பிட்ட நாளில் லீவு போடுவார். காரணம் எழுதுகிற இடத்தில் "சொந்த அலுவல்" என்று இருக்கும். புதிதாக வந்த அதிபர் ஒருவர் அந்த நாளில் மேற்பார்வை இருக்கிறது, லீவு தர முடியாது என்றார். பக்கத்தில் இருந்த தமிழ் ரீச்சர் ஒருவர், அவருடைய அண்ணனும் அந்த வருடத்தில் காணாமல் போனவர், எழும்பி, "சேர் போகட்டும், அவரின் பாடங்களை நான் எடுக்கிறன்" என்றா. அவ்வளவுதான் நடந்தது. அன்று அவருடைய ஐந்து பாடத்தையும் அவ எடுத்தா. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பிறகு கதைத்ததை நான் கேட்கவில்லை.

2019உம் அப்படித்தான். உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, சில நாட்களில் சாய்ந்தமருதிலும் வெடித்தது. பாடசாலை திறந்தபோது வாசலில் பை சோதனை. பத்து வருடம் ஒன்றாகத் தேநீர் குடித்த முஸ்லிம் ரீச்சரின் பையைத் திறந்து பார்க்கும் கை யாருடையது, அந்தக் கை நடுங்கியதா, ரீச்சர் எங்கே பார்த்துக்கொண்டு நின்றா? தேவாலயத்தில் பிள்ளையை இழந்த வீடும் இந்த ஊரில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே பகுதிக்குள் சமன் செய்து முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு பகுதியில் ஒரு வீட்டை மட்டும் முழுதாகக் காட்டுங்கள், மற்ற வீட்டுக்கு வேறொரு பகுதி கொடுங்கள். பார்க்கிறவர்கள் பொறுத்திருப்பார்கள்.

பறங்கியர் சேரை என்ன செய்வது, எடுத்துவிடவா என்று கேட்டிருந்தீர்கள். கிற்றாரும் கிளாசுமாக இருக்கும் அந்த ஆளை எடுத்துவிடுங்கள், ஓம். ஆனால் 1628இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டின காலத்தோடு தொடர்புள்ள ஒரு சமூகம் இன்றும் மட்டக்களப்பு நகரத்தில் இருக்கிறது. வயதானவர்கள் வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசுவார்கள். தச்சு வேலை, இரும்பு வேலையில் பெயர் எடுத்த கைகள். பிள்ளைகள் படிப்பது தமிழில். 2004 சுனாமி டச்பாரில் அவர்களின் எத்தனையோ குடும்பத்தைக் கொண்டுபோனது. அந்தச் சமூகத்திலிருந்து ஓர் ஆசிரியை, தமிழில் படித்துத் தமிழில் படிப்பிக்கிறவ, வீட்டில் பாட்டியின் மொழியைக் கேட்டால் விளங்கும் ஆனால் பேச வராது. பாட்டிக்குப் பிறகு அந்த மொழி யாரோடு போகும் என்ற கவலை அவவுக்கு இருக்கும். வகுப்பில் தாய்மொழித் தினத்துக்குப் பேச்சுப்போட்டி நடத்துகிற பொறுப்பையும் அவவிடமே கொடுங்கள். எழுத ஆள் கிடைக்காவிட்டால் இந்தப் பாத்திரத்தை அடுத்த நாடகத்துக்கு வைத்திருங்கள், அவசரம் இல்லை.

சிங்கள சேர் அம்பாறை நகரத்திலிருந்தோ கல்லோயாக் குடியேற்றப் பக்கத்திலிருந்தோ வரும் இரண்டாம் மொழி ஆசிரியராக இருக்கலாம். அவருடைய தாத்தா ஐம்பதுகளில் எங்கிருந்தோ வந்து காடு வெட்டிக் குடியேறினவர்; அந்தக் குடியேற்றத்தை எங்கள் ஆட்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும். அவர் தமிழ் பேசும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிங்களத் தொலைக்காட்சி நாடகத்தில் பெரிய பொட்டு வைத்த தமிழ்ப் பாத்திரம் பிழைச் சிங்களம் பேசினால் எங்களுக்கு எப்படி எரிகிறது, அதை நினைத்துக்கொண்டு இந்தச் சிரிப்பை எழுதுங்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வரி. இந்த நாட்டு ஆசிரியர்களில் முக்கால்வாசிக்குக் கிட்டப் பெண்கள், ஆனால் நீங்கள் எழுதின அதிபர், வலயப் பணிப்பாளர், ஆசிரிய ஆலோசகர் மூன்று பேரும் ஆண்கள். வேண்டுமென்றுதான் அப்படி வைத்தீர்கள் என்றால், அதைக் கவனிக்கிற ஒரு பாத்திரமாவது இருக்கட்டும்.

கடைசியாக, எழுதும் மேசை. உங்கள் குழுவில் ஆறு பேர், ஆறு பேரும் ஒரே ஊர், ஒரே பாடசாலை என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் எழுதி முடித்தபிறகு ஒரு முஸ்லிம் நண்பரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்லப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்படிச் செய்தால் அவர் "உம்மா என்று மாற்று, இந்த இடத்தில் ஸலாம் சொல்லு" என்று பத்துச் சொல்லைத் திருத்தித் தருவார், வீட்டின் எலும்பு அப்படியே இருக்கும். முதல் நாளே கூப்பிடுங்கள். மருதமுனையிலோ நிந்தவூரிலோ எழுதுகிற இளம் பெண் ஒருத்தியிடம் அந்த முஸ்லிம் ரீச்சரின் வீட்டை முழுதாக ஒப்படையுங்கள். அவள் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். அந்த ரீச்சரைக் கோபக்காரியாக, பணத்தில் கண் உள்ளவளாக, தமிழ் அதிபரைப் பற்றி வீட்டில் முணுமுணுக்கிறவளாக அவள் எழுதலாம். விட்டுவிடுங்கள். உங்கள் சொந்த ரீச்சருக்கு அந்தக் குறைகளை எல்லாம் தாராளமாகக் கொடுத்திருக்கிறீர்கள்தானே. அவளுக்குச் சம்பளமும் பெயரும் உங்களுக்குச் சமமாகப் போட வேண்டும். படுவான்கரைத் தாயின் வீட்டுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். வெல்லாவெளிப் பக்கத்தில் என்னிடம் படித்த ஒரு பிள்ளை இப்போது நன்றாகக் கதை எழுதுகிறாள், அவளிடம் கேட்டுவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன்.

பாதைக் காட்சியை எடுக்கும் நாளைக்கு முதல் சொல்லுங்கள். நானும் வருகிறேன். காலை ஆறரைக்கு ஆற்றில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும், ரீச்சர்மார் எந்தப் பக்கத்தில் நிற்பார்கள், மோட்டார் சைக்கிளை முதலில் யார் ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும்.